மெட்டீரியல் வள்ளல்

டவுட் என்று போய் நின்றால் இவர்களிடமிருந்து பதில் வராது, ஃபோல்டர் வரும். "இரு மச்சி, செம மெட்டீரியல் ஒண்ணு இருக்கு, அனுப்பறேன்" என்று சொல்லும்போதே முகத்தில் ஓர் அருள் படரும். கட்டைவிரல் ஃபோனில் இறங்கிவிடும். நாம் நீட்டிய நோட்டு நீட்டியபடியே நிற்கும்.

நான் கேட்டது சின்ன சமாசாரம். 5 கட்ட பைப்லைன், 100 கட்டளைகள், நடுவில் ஸ்டால் எதுவும் கிடையாது. மொத்தம் எத்தனை கிளாக் சைக்கிள்? எனக்கு 105 வருகிறது. புத்தகத்தின் கடைசியில் 104 என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்று எங்கே போனது? கேட் தேர்வுக்குப் படிக்கிற எவனும் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடக்கூடிய விஷயம். எனக்கு வந்தது 11 ஜிபி.

முல்லைக் கொடிக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு குச்சி. பாரி தேரையே நிறுத்திவிட்டுப் போனான். புலவர்கள் பாரியைப் பாடினார்கள். அவ்வளவு பெரிய தேரில் எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் கொடி என்ன பாடு பட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்கிறேன். இப்போது நான்தான் கொடி.

திறந்தேன். 'கேட் ஃபுல்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'கேட் ஃபுல் நியூ'. அதற்குள் 'கேட் ஃபுல் நியூ இதான் கரெக்ட்'. அதற்குள் 'நியூ ஃபோல்டர் (2)'. (1) எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் அதையும் அனுப்பிவிடுவான். அனுப்பிவிடுவார்கள் என்று பன்மையில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஓர் இனத்தைப் பற்றிய கட்டுரை. எங்கள் விடுதி மூன்றாம் மாடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து அறையில் இருப்பவனைப் பற்றியது அல்ல.

(2)-க்குள் போனால் சுரங்கப் பொறியியல் வினாத்தாள்கள். நாங்கள் படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். கேட்டதற்கு, "யாருக்காவது ஆகும்டா" என்றான். அதை அடுத்து ஜிஆர்இ. அமெரிக்கா போகிற எண்ணம் அவனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. அந்தத் தேர்வையே 2023 செப்டம்பரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, 'ஆர்க்யுமென்ட்' கட்டுரையைத் தூக்கிவிட்டார்கள். தூக்கப்பட்ட கட்டுரைக்கு மாதிரி விடைகள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. அப்புறம் அவனுடைய ரயில் டிக்கெட், சித்தப்பா பெண் கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ.

இந்தப் புதையலின் நடுநாயகம் 'டாப்பர் நோட்ஸ்'. எந்த வருடத்து டாப்பர், எந்த ஊர் டாப்பர் என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து மணிமணியாக இருக்கும், ஆனால் ஸ்கேன் செய்தவரின் இடது கட்டைவிரல் பக்கத்துக்குப் பக்கம் கூடவே வரும். முக்கியமான ஃபார்முலா எதுவோ அந்த விரலுக்கு அடியில் இருக்கும். ஒரு பக்கத்து ஓரத்தில் 'டீ 2, சமோசா 1, பாக்கி 8 ரூபாய்' என்று கணக்கு. பைப்லைன் பாடம் இருந்தது. தலைகீழாக இருந்தது. லேப்டாப்பைத் திருப்பி வைத்துப் படித்தேன். 104 வருகிற இடத்துக்குச் சரியாக முன்னால் ஒரு பக்கம் இல்லை.

போய்ச் சொன்னேன். "அப்படியா மச்சி? நான் இன்னும் ஓப்பன் பண்ணிப் பாக்கல" என்றான். அதில் துளி வெட்கம் இல்லை. அன்னதானம் போடுகிறவர் பந்தியில் உட்கார வேண்டும் என்று சட்டமா என்ன?

புரோகிராமிங் என்றாலும் இதே நடைதான். லிங்க்டு லிஸ்ட்டுக்கு 20 வரி எழுதினேன், ஓட்டினால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று படுத்துக்கொண்டது. எந்த வரி என்று மட்டும் பார்த்துச் சொல்லடா என்றேன். கார்மென் முதலான நால்வர் எழுதிய 'இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்' வந்தது. நான்காம் பதிப்பு, 1,300 பக்கம். கூடவே மூன்றாம் பதிப்பும் வந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். அதோடு 'சி-யில் 100 புரோகிராம்கள்' என்று ஒரு பிடிஎஃப், எல்லாம் டர்போ சி காலத்துச் சரக்கு. முதல் வரியிலேயே 'கோனியோ' ஹெடர். எங்கள் லேபில் இருக்கிற லினக்ஸ் அதைக் கண்டதும் கதவைச் சாத்தியது. பைத்தான் நோட்ஸ் என்று அனுப்பியதில் 'பிரின்ட்'டுக்கு அடைப்புக்குறியே இல்லை. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். செய்தி எங்கள் மூன்றாம் மாடிக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் தேர்வைப் பற்றிக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். அதில் பொது ஆப்டிட்யூட் 15 மார்க். ஒரு மார்க் கேள்வியில் தப்பாக டிக் அடித்தால் மூன்றில் ஒரு பங்கு போகும், இரண்டு மார்க் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எண்ணை நாமே அடிக்கிற கேள்விக்கும், 2021-இல் கொண்டுவந்த ஒன்றுக்கு மேல் விடை இருக்கக்கூடிய கேள்விக்கும் மைனஸ் கிடையாது. கால்குலேட்டர் கையில் கொண்டுபோகக் கூடாது, திரையில் இருப்பதை மவுஸால்தான் தட்ட வேண்டும். ஸ்கோர் 3 வருடம் செல்லும். தேர்வைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும், உள்ளே இருப்பதுதான் பயலுக்குத் தெரியாது என்று நானும் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

நல்லவன் இல்லையா என்றால், ரொம்ப நல்லவன். விண்ணப்பம் போட்ட அன்று என் ஃபோட்டோவை ஏற்க மாட்டேன் என்று தளம் அடம் பிடித்தபோது, அளவைக் குறைத்து ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். ஊரிலிருந்து பணம் வரத் தாமதமானதால் கட்டணத்தைத் தன் கார்டிலேயே கட்டினான். திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, ரசீது மாதிரி ஒரு மாக் டெஸ்ட் லிங்க் அனுப்பினான். அந்த லிங்க் திறக்கவில்லை. அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் அவனே மூன்று நாள் கழித்துத்தான் கொடுப்பான்.

நவம்பர் மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. வைஃபை போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிட்டது. பொழுது போகாமல் அவன் அறைக்குப் போனேன்.

"மச்சி, அந்த 104..."

"இரு, அதுக்கு ஒண்ணு அனுப்..." ஃபோனை உலுக்கினான். ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பார்த்தான். கை நனைந்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல், முதல்முறையாக, என் நோட்டை வாங்கினான்.

"முதல் கட்டளை முடிஞ்சு வெளிய வர 5 சைக்கிள் ஆகுதா?"

"ஆகுது."

"அதுக்குப் பின்னாடியே மத்ததெல்லாம் சைக்கிளுக்கு ஒண்ணா வெளிய வந்துடும். மிச்சம் எத்தனை?"

"நூறு."

"டேய், ஒண்ணுதான் ஏற்கெனவே வந்துடுச்சே."

"தொண்ணூத்தி ஒம்பது."

"அஞ்சும் தொண்ணூத்தி ஒம்பதும்?"

104. முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதே சூட்டில், டார்ச் வெளிச்சத்தில் என் புரோகிராமையும் கேட்டு வாங்கிப் பார்த்தான். லிஸ்ட் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்காமலேயே அடுத்த நோடைத் தேடிக்கொண்டு போகிறது, சாகாமல் என்ன செய்யும் என்றான். இரண்டு வரி எழுதிக் கொடுத்தான். கரண்ட் வந்ததும் ஓட்டினேன், ஓடியது.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றும் தெரியாதவன் ஃபோல்டர் அனுப்பினால் பாவம் என்று விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்தவன் ஏனடா அனுப்புகிறாய்? சொல்லிக்கொடுப்பது என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும். எதிராளி எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று பார்க்க வேண்டும். "நூறு" என்று அவன் உளறுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அனுப்புவதற்கு எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, உதவி செய்த புண்ணியமும் குறையாமல் வந்துவிடுகிறது. ஊரெல்லாம் அவனுக்கு 'தேங்க்ஸ் மச்சி' போடுகிறது. வாங்குகிறவனும் டவுன்லோட் முடிந்ததும் பாதி சிலபஸ் முடிந்ததாக நிம்மதியாகத் தூங்கப் போகிறான். படிக்காத இரண்டு பேருக்கு நடுவில் 11 ஜிபி போய் வந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் அவனிடமே சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிப் பொறுமையாகக் கேட்டான். "கரெக்ட்தான் மச்சி. இதைப் பத்தி ஒருத்தர் சூப்பரா பேசியிருக்கார், ரெண்டு மணி நேர வீடியோ, அனுப்பறேன் பாரு" என்றான்.

பிப்ரவரியில் தேர்வு. அதற்குள் மின்வாரியம் இன்னும் நாலைந்து ராத்திரி கைகொடுத்தால் நான் தேறிவிடுவேன்.