குரோம்பேட்டையில் சொன்ன தீர்ப்பு

1992. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மீட்டர் கேஜ் மின்சார ரயில். எங்கள் இருவருக்கும் ஒரே வாக்மேன். இயர்போனின் ஒரு முனை என் காதில், மறுமுனை கேசட்டைக் கொண்டுவந்த நண்பனின் காதில். சானடோரியம் தாண்டும்போது முதல் பாட்டு முடிந்தது. குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது இரண்டாவது பாட்டு பாதிதான் ஓடியிருந்தது. நான் இயர்போனைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, "பிங்க் ஃப்ளாய்ட் காப்பிடா" என்றேன்.

அந்தக் கேசட்டில் இருந்த பாட்டுகளைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பாடுவான், கிடார் வாசிப்பான். ரயிலில் கேசட்டோடு வந்தவன் மற்றவன். அவனிடம் ஒரு சின்ன கேஸியோ கீபோர்டும் அலுமினிய டிபன் டப்பாவும் இருந்தன. ட்ரம்ஸ் வாங்க வழியில்லை. டப்பாவுக்குள் ஒரு பிடி அரிசியைப் போட்டு மூடி, விரலால் தட்டுவான். அந்த ஓசையை இன்றைக்கும் என்னால் காதுக்குள் வரவழைக்க முடியும். சேலையூரில் ஒரு மொட்டைமாடி அறையில், டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில், ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஆறு பாட்டுகள் பதிவு செய்தார்கள். ரயில்வே கேட் மூடும்போது அடிக்கும் மணி, மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்தின் இரைச்சல், கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டில் இருட்டிய பிறகு கேட்கும் சில்வண்டு எல்லாம் பாட்டுக்குள் வரும். ஒரு கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி, டேப்பை ஒரு முறுக்கு முறுக்கித் திரும்ப மாட்டி, கீபோர்டு வாசிப்பைப் பின்னோக்கி ஓடவைத்திருந்தார்கள். தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல அது மங்கலாகக் கேட்டது. அதைக் கேட்டுத்தான் நான் 'காப்பி' என்றேன்.

எங்கள் கூட்டத்தில் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பழைய புத்தகக் கடையில் ஆங்கில இசைப் பத்திரிகைகளை வாங்கிப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். சைகடெலிக் என்ற சொல்லை எங்கள் டீக்கடைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் கேசட்டை வாங்கிக் கேட்ட எல்லோரும் என் சொல்லையே திருப்பிச் சொன்னார்கள். கேட்காதவர்களும் சொன்னார்கள். ஏழாவது பாட்டு வரவில்லை.

அதே மாதங்களில்தான் 'ரோஜா' வந்தது. எங்கள் தெருவில் பெரியவர்கள், "இதெல்லாம் கம்ப்யூட்டர் சத்தம், ரெண்டு மாசம் தாங்காது" என்றார்கள். அதற்கு நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமில்லை. கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டிய ஸ்டுடியோவில் ஒரு இளைஞர் புதிதாக ஒன்று செய்கிறார், பத்து முறை கேட்காமல் எப்படிப் பேசலாம் என்று வாதாடினேன். மாமா ஒருவரைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்து இரண்டு பக்கமும் கேட்கவைத்தேன். ரஹ்மானுக்குக் கொடுத்த அந்தப் பத்து முறையை, பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு பேருக்கு நான் கொடுக்கவில்லை.

காப்பி என்ற சொல்லைப் பற்றி இப்போது நிறைய யோசிக்கிறேன். 1965இல் ஜார்ஜ் ஹாரிசன் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் சிதார் வாசித்தார். அடுத்த வருடம் பீட்டில்ஸ் 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'டுமாரோ நெவர் நோஸ்' வந்தது. அதில் பின்னணியாக ஓடுவது நம் தம்புராவின் சுருதி. அதன் மேல் வட்டமாக ஒட்டிய டேப் துண்டுகள் சுற்றுகின்றன, கிடார் பின்னோக்கி ஓடுகிறது. சைகடெலிக் இசைக்கு வழிகாட்டிய பாட்டுகளில் அது ஒன்று. நம் வீட்டு மூலையில் சாய்த்துவைத்திருந்த தம்புராவை அவர்கள் எடுத்துக்கொண்டபோது உலகம் அதைப் புதுமை என்றது. சேலையூர்ப் பையன்கள் டேப்பைத் திருப்பிப் போட்டபோது நான் சொன்ன பெயர் வேறு.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டு ஸ்பீக்கரில் ஒரு ஆல்பத்தைப் போட்டாள். மெல்லிய ஆங்கிலக் குரல். கிடாரும் கீபோர்டும் பனியில் நனைந்ததுபோல ஒன்றோடு ஒன்று கரைந்து வந்தன. யாரென்று கேட்டேன். கொல்கத்தாவைச் சேர்ந்த இரண்டு பேர், நிஷ்சய் பாரேக், ஜீவ்ராஜ் சிங், குழுவின் பெயரே பாரேக் அண்ட் சிங் என்றாள். 2016இல் பீஸ்ஃப்ராக் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வெளியிட்ட அவர்களின் முதல் ஆல்பம், 'ஓஷன்'. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "வெள்ளைக்காரன் பாட்டை அப்படியே..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பா, நீங்க இன்னும் கேக்கவே இல்லையே" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் குரோம்பேட்டை பிளாட்பாரம் கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

துரைப்பாக்கத்தில் அவள் ஆபீஸ் கூட்டத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு விவாதமே நடந்திருக்கிறது. ஒருத்தி சொன்னாளாம், "எல்லாரும் அவங்க கலர் கலரா போடுற கோட்டு சூட்டைத்தான் பாக்குறாங்க, பாட்டைக் கேக்குறதில்ல." 'ஐ லவ் யூ பேபி, ஐ லவ் யூ டால்' வீடியோவில் இருவரும் மிட்டாய் நிறச் சூட்டில் வருவார்கள். வெஸ் ஆண்டர்சன் படங்களோடு அதை ஒப்பிடாதவர் குறைவு. இன்னொரு பையன், மழை நாளில் மட்டும் கேட்கலாம், வெயிலில் தாங்காது என்றிருக்கிறான். மூன்றாவது கருத்துதான் பழகிய கருத்து: கொல்கத்தாக்காரர்கள் ஏன் பெங்காலியில் பாடவில்லை?

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. மகளிடம் சொன்னேன். ஜீவ்ராஜின் அப்பா ஞான் சிங், அம்மா ஜெயஸ்ரீ சிங், இருவருமே கொல்கத்தாவின் ஸ்கின்னி ஆலி என்ற ராக் குழுவில் இருந்தவர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலப் பாட்டு தொட்டிலிலேயே கேட்டது. நமக்குத் தேவாரம் எப்படியோ, சினிமாப் பாட்டு எப்படியோ, அப்படி. அதற்கும் முன்னால் பார்க் ஸ்ட்ரீட்டில், ட்ரிங்காஸ் போன்ற இடங்களில், குழுக்கள் தினமும் வாசித்திருக்கின்றன. அங்கே பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக நின்று பாடிய உஷா உதுப், அதற்கு முன்பு மேடையேறியது நம் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸில்தான். இவ்வளவு காலம் ஒரு ஊரில் ஒலித்த இசையை இரவல் என்று எப்படிச் சொல்வது?

'ஓஷ'னை நான் இதுவரை பதினைந்து முறையாவது கேட்டிருக்கிறேன். நிஷ்சய் குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பதுபோலப் பாடுகிறார். 'பாண்டா', 'கோஸ்ட்', 'ஹில்' என்று தலைப்புகளும் குழந்தையின் படப் புத்தகத்திலிருந்து எடுத்தவைபோல இருக்கின்றன. முதல் தடவை இது பலவீனம் என்று பட்டது. நாலாவது தடவையில்தான் ட்ரம்ஸ் காதில் விழுந்தது. ஜீவ்ராஜ் எவ்வளவு வேலை செய்கிறார், அதை எவ்வளவு மறைத்துச் செய்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் பாட்டுகள் எல்லாம் ஒரே நிறமாகிவிடுகின்றன என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. 'நியூபரி ஸ்ட்ரீட்' பாட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாஸ்டன் நகரத்துத் தெரு ஒன்றின் பெயர் அது. நான் பார்த்திராத அந்தத் தெரு, கேட்கக் கேட்க எனக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் மழை விட்ட சாயங்காலமாக மாறிவிட்டது.

டிபன் டப்பா நண்பன் இப்போது முடிச்சூரில் இருக்கிறான். இரண்டு வாரம் முன்பு ஆல்பத்தை போனில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தக் கேசட் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். சுவரில் இடுப்புயரத்துக்கு இருந்த மங்கல் கோட்டைக் காட்டினான். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது வந்த தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி, கல்யாண ஆல்பம், கேசட்டுகள், எதுவும் மிஞ்சவில்லை.

'ஓஷ'னைப் போட்டேன். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை அவன். மூன்றாவது பாட்டில் விரல்கள் நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தன. முடிந்ததும், "ட்ரம்ஸ் அடிக்கிறவன் நல்லவன்டா. பாடுறவனுக்கு எடம் விட்டு எடம் விட்டு அடிக்கிறான்" என்றான்.

முப்பது வருடமாகச் சொல்ல நினைத்ததை அப்போது சொன்னேன். ரயிலில் நான் சொன்ன சொல், ஒன்றரைப் பாட்டில் கொடுத்த தீர்ப்பு, என்னை மன்னிக்க வேண்டும் என்பது எல்லாம். அவன் புரியாமல் என்னைப் பார்த்தான்.

"அப்படியா சொன்னே? எனக்கு ஞாபகமே இல்லடா. எங்கப்பா ரிட்டயர் ஆனாரு, நான் வேலைக்குப் போயிட்டேன். அதான் விட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஆனா அன்னிக்கு ராத்திரி நீ சொன்னத நான் அவன்கிட்ட சொல்லியிருப்பேன். அவனுக்கு ஞாபகம் இருக்கும்டா. அதுக்கப்புறம் அவன் கிடாரை யார்கிட்டயோ குடுத்துட்டான்."

போனை எடுத்து எண்ணைத் தேடினான்.

"டொரண்டோல இருக்கான். இப்ப அங்க காலையில எட்டு மணி இருக்கும், எழுந்திருப்பான். நீயே பேசு."