ரெண்டு மாசக் கெடு, அப்புனு!

வா அப்புனு. ஒறம்பரையாட்ட வாசல்லயே நிக்காத, உள்ள வா. மீசை நல்லாத்தான் வளந்திருக்குது. பட்டறையில உன்ற லேத்துல வேற எவனோ நிக்கறானாமா? மொதலாளி, "இப்ப ஆர்டர் கொறவு, பொறகு சொல்லியனுப்பறேன்"னு சிரிச்சாராமா? அவரு சிரிப்பாரு. கெடு ஓடறது உனக்குத்தான.

நீ போனது முழுநேரப் பட்டாளமில்ல, டெரிட்டோரியல் ஆர்மி. கோயமுத்தூர்லயே 110ஆம் பட்டாலியன் இருக்குது. அதுல சேர்றதுக்கே மொதல்ல கையில ஒரு பொழப்பு இருக்கோணும். அந்தப் படையை 1949 அக்டோபர் 9ந் தேதி தொடங்கி வெச்சவரு நம்ம சேலத்து வக்கீல் ராஜாஜி. அப்ப அவரு கவர்னர் ஜெனரல். கிரிக்கெட்டுத் தோனிக்கும் 2011ல அதே படையில லெப்டினன்ட் கர்னல் பட்டம் குடுத்தாங்க. தன்ற லேத்தை எவனாச்சும் புடிச்சுக்குவானோன்னு அவருக்குக் கவலையில்ல. உனக்கிருக்குது.

இந்த டெரிட்டோரியல் ஆர்மிக்குன்னே 1948ஆம் வருசத்து பிராந்திய ராணுவச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. படைக்குக் கூப்பிட்டுப் போனவன் திரும்பி வந்தா, பழைய மொதலாளி வேலை குடுத்தே ஆகோணுங்குது அது. அதுவும் எப்படி? நீ போகாமயே இருந்திருந்தா என்ன நெலமையில இருப்பியோ, அதுக்குக் கொறையாம. அப்ப, நடுவுல மத்தவங்களுக்கு ஏத்துன கூலி உனக்கும் வரோணும். இதை மொத நாளே கேட்டு வெக்காத, மனுசருக்கு பிரஷர் இருக்குது.

முடியாதுன்னாருன்னா அதுக்குன்னு வெச்சிருக்கற அதிகாரிகிட்ட நீயும் போலாம், அவரும் போலாம். அதிகாரி விசாரிச்சு, சேத்துக்கோன்னும் சொல்லலாம், ஆறு மாசச் சம்பளத்துக்கு மிஞ்சாம நஷ்டஈடு குடுன்னும் சொல்லலாம், மொதலாளி பக்கம் நாயமிருந்தா விட்டும் போடலாம். அந்த உத்தரவையும் மீறுனா அபராதம் ஆயிரம் ரூவா வரைக்கும். ஆயிரம்! அவரு ஊட்டு வளைகாப்புல வெத்தலைச் செலவுக்குக் காணாது. ஆனா ஆறு மாசச் சம்பளத்தையும் குடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போடும் பாரு, அங்கதான் மனுசருக்கு வேர்க்கும்.

இன்னொண்ணு கேளு. கூப்பிட்டு ஆர்டர் வந்த பொறகு, நீ கெளம்பறதுக்குள்ள உன்னையக் கணக்கு முடிச்சு அனுப்பியிருந்தா, தட்டிக்கழிக்கத்தான் அனுப்புனாருன்னு சட்டமே முடிவு கட்டிக்குது. இல்லைன்னு மெய்ப்பிக்கறது அவரு பாடு. எழுதுனவன் பட்டறை மொதலாளிகளை நல்லாப் பாத்தவந்தான்.

மேலத்தெரு மிலிட்டரிக்காரன் பையன் கதை வேற. அவன் ரெகுலர் பட்டாளம். அவனுக்குப் பழைய வேலைன்னே ஒண்ணில்ல. மத்திய சர்க்கார் குரூப் சி வேலையில 10 சதவீத ஒதுக்கீடு, சர்வீஸ் வருசத்தை வயசுல கழிச்சு மேல மூணு வருசம் சலுகை, அந்தக் கணக்கு. அவன்கிட்டப் போயி யோசனை கேட்டுட்டு வந்து என்னையக் கொழப்பாத.

உன்ற விசயத்துல ஓட்டை ஒண்ணே ஒண்ணு. சேவை முடிஞ்ச ரெண்டு மாசத்துக்குள்ள நீ வேலை கேக்கலைன்னா, "அவன் வந்து கேக்கவே இல்லீங்"னு மொதலாளி தப்பிச்சுக்கலாம். நீ திண்ணையில குந்திக் காஷ்மீர்க் கதை அளக்க ஆரம்பிச்சா ரெண்டு மாசம் பத்தாதேடா!

இன்னைக்கே மனு எழுது, தேதி போடு. கூப்பிட்ட ஆர்டர், விட்ட ஆர்டர், ரெண்டோட நகலும் வெய்யி. பட்டறையில குடுத்துக் கையெழுத்து வாங்கு. போடமாட்டேன்னா தபால்ல அனுப்பி, ரசீதை உங்கம்மாகிட்டக் குடு. உன்கிட்ட இருந்தா பேண்ட்டோட சேத்துத் தொவைச்சுப்புடுவ.