முட்டைக் கிண்ணம் ஆறு, தொப்பி ஒன்று

ஜெர்மனியில் சாதாரணமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் சுவர்கள் கிடைக்கும். சமையலறை என்று ஓர் அறையைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு தடித்த ஒயரும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முன்னால் குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அவர் காசு போட்டு வாங்கியது என்பதால். கூரையில் பல்பு மாட்டக்கூட ஒன்றும் இருக்காது. இரண்டு கம்பி மட்டும் தொங்கும். சமையலறையை லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு மாறுகிற தேசத்தில், இரண்டு சூட்கேஸோடு வந்து இறங்குகிறவனுக்குச் சாமான்களோடு விடும் வீடுதான் கதி.

நான் இறங்கியது 2000ஆம் ஆண்டு. அந்த பிப்ரவரியில் ஹானோவர் கம்ப்யூட்டர் கண்காட்சியில் சான்சலர் ஷ்ரோடர் ஒரு திட்டத்தை அறிவித்தார். கம்ப்யூட்டர் தெரிந்த வெளிநாட்டவர் 20,000 பேர் வரை வரலாம், அதிகபட்சம் ஐந்து வருஷம். ஆகஸ்டில் அமலுக்கு வந்த அந்த அனுமதிக்கு அமெரிக்காவிலிருந்து பெயரைக் கடன் வாங்கி கிரீன் கார்டு என்று வைத்தார்கள். அமெரிக்காவின் கார்டு இருக்கச் சொல்வது. இது போகச் சொல்வது. அதே வருஷம் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா தேர்தலில் யூர்கன் ரூட்கர்ஸ் என்ற தலைவர், இந்தியர்களைக் கூட்டிவருவதற்குப் பதில் நம் பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று பேசப்போய், அது எதுகையோடு ஒரு கோஷமாக நாடெல்லாம் பரவிவிட்டது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். 2005இல் ஜெயித்து முதலமைச்சர் ஆனார். அதே 2005இல் புதுக் குடியேற்றச் சட்டமும் அமலுக்கு வந்து, என்னைப் போன்றவர்கள் இருந்துகொள்ளலாம் என்றது. ஆக, அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்துவிட்டோம். அது பிற்பாடு.

எனக்குக் கிடைத்த வீடு ஸ்டுட்கார்ட் நகரின் மேற்குப் பகுதியில், ஃபாயர்ஸே குளத்துக்குப் பக்கத்தில். குளத்தின் கரையில் ஒரு தேவாலயம்; போரில் போன கோபுர உச்சியைத் திரும்பக் கட்டாமல், நினைவுக்காக அப்படியே மொட்டையாக விட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமாகிவிட்டார். அந்தம்மா மேல் மாடியில், நான் கீழ் மாடியில். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. அதற்கு மேல் வாங்கச் சட்டம் விடாது, அதையும் தனிக் கணக்கில் வட்டியோடு போட்டுவைக்க வேண்டும் என்று கேட்டபோது, சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலி பண்ணும்போது வெள்ளையடித்த செலவைக் கழித்துக்கொண்டு மிச்சம் வாங்கிய எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பிறகு பட்டியல் வந்தது. டைப்ரைட்டரில் அடித்த நாலு பக்கம். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானும் அதில் உண்டு. ஒவ்வொன்றையும் அவர் எடுத்துக் காட்ட, நான் பார்த்து, இருவரும் ஓரத்தில் டிக் அடிக்க வேண்டும். முட்டைக் கிண்ணம் ஆறு. கேக் முள்கரண்டி பன்னிரண்டு. மதுக் கோப்பைகள் மூன்று உயரங்களில். எண்பதுக்கு எண்பது சென்டிமீட்டரில் சதுரத் தலையணை இரண்டு. தலையை வைத்தால் காது வரை அமுங்கி, விடியும்வரை மேலே வராது. இரட்டைக் கட்டிலில் தனித்தனியாக இரண்டு மெத்தை, தனித்தனியாக இரண்டு இறகுப் போர்வை. ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு கருந்தேக்கு நிறத்தில் ஓர் அலமாரி. மலையும் மானுமாக ஓர் எண்ணெய் ஓவியம். வாசல் பக்கம் கோட் மாட்டும் ஆணியில் ஒரு பச்சைத் தொப்பி. அது பட்டியலில் இப்படி இருந்தது: தொப்பி, ஒன்று, உபயோகத்துக்கு அல்ல.

காலமான கணவருடையது. நான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அது அங்கேயே தொங்கியது. என் கோட்டை அதற்கு அடுத்த ஆணியில் மாட்டுவேன், ஏதோ அவரும் இப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்த மாதிரி.

வெளிநாட்டில் சாமான்களோடு வீடு என்றால் ஓட்டல் மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். உண்மையில் அது ஒரு குடும்பத்துக்குள் மருமகனாகப் போவது. அவர்களுடைய தட்டில் சாப்பிடுகிறோம், அவர்களுடைய கட்டிலில் தூங்குகிறோம், அவர்களுடைய விதிகளுக்கு நடக்கிறோம். சம்பந்தி மரியாதை மட்டும் கிடையாது.

விதிகளில் முதலாவது ஜன்னல். அங்கே ஜன்னல் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் கதவு போலத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் தலை மட்டும் உள்பக்கமாகச் சாயும். முதல் தடவை பார்க்கிறவர் கண்ணாடி பெயர்ந்து மேலே விழுகிறதென்று இரண்டு கையாலும் தாங்கிப் பிடிப்பார். குளிர்காலத்தில் அப்படிச் சாய்த்துவைப்பது பெருங்குற்றம். ஹீட்டர் வால்வை மூடிவிட்டு, எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிஷம் பனிக்காற்றை உள்ளே விட்டு, சாத்திவிட வேண்டும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. இல்லையென்றால் ஈரம் சுவரில் தங்கி மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். விஷயம் சரியானதுதான். ஆனால் மைனஸ் எட்டு டிகிரியில், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை நாமே வெளியே அனுப்புவது கும்பகோணத்து மூளைக்குச் சுலபத்தில் ஏறாது. வீட்டுக்காரம்மா படியிறங்கும்போதே என் ஜன்னலைப் பார்த்துவிடுவார். திறந்திருந்தால் தலையசைப்பு. சாய்ந்திருந்தால் மணி அடிக்கும்.

இரண்டாவது, கேர்வோக்கே. மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் முறை. ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வேபியா பிரதேசத்தில் இதன் வேர் பதினைந்தாம் நூற்றாண்டு வரை போகிறது என்பார்கள். ஒரு சின்னப் பலகை வாரம் ஒரு வீட்டுக் கதவில் தொங்கும். தொங்கினால் இந்த வாரம் உங்கள் முறை. படி சுத்தமாக இருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. என் முதல் முறை வந்தபோது வீட்டுக்காரம்மா ஒரு வாளியோடு இறங்கி வந்து, ஈரத் துணியை எப்படி மூலையிலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினார். நான் துடைத்து முடித்ததும் கைப்பிடிக் கட்டையின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஊரில் ஒரு நாள்கூடத் துடைப்பத்தைத் தொடாத பிள்ளை ஜெர்மனியில் படி துடைக்கிறான் என்று கேள்விப்பட்ட அம்மா, போனில் சற்று நேரம் பேசவே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று அக்கா பிறகு சொன்னாள்.

கடைகள் சனிக்கிழமை நாலு மணிக்குச் சாத்தும், ஞாயிறு திறக்காது. நாலு மணிக்கு மேல் தயிர் தீர்ந்தால் திங்கள்கிழமைதான் மோர்சாதம். சனிக்கிழமை மதியத் தூக்கம் என்ற பழக்கத்தை அந்தச் சட்டம் எனக்கு அறுத்துவிட்டது. 2003இல் சனிக்கிழமையும் எட்டு மணிவரை திறக்கவிட்டார்கள். தூக்கம் திரும்பவில்லை.

நான் வந்த மறு வருஷம் கல்யாணமாகி மனைவி வந்தாள். அவள் பட்டியலை வேறு விதமாகப் படித்தாள். முட்டைக் கிண்ணம் ஆறில் ஒன்று விபூதிக்கு, ஒன்று குங்குமத்துக்கு, மற்றவற்றில் கடுகு, வெந்தயம் வகையறா. ஹீட்டருக்கு மேலிருந்த பலகைக்கல் இட்லி மாவு பொங்கும் இடம். அடுப்பு இரும்புத் தட்டு அடுப்பு. குழி வாணலி அதன்மேல் நிற்காமல் ஆடியது. குக்கர் அந்த ஊர்ப் பக்கத்துச் சிலிட் கம்பெனியுடையது, நல்ல கனம், ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் விசில் அடிக்காது. பிரஷர் ஏற ஏற ஒரு குச்சி மேலே எழும், அதில் கோடுகள் தெரியும். பருப்புக்கு நாலு விசில், சாதத்துக்கு மூன்று விசில் என்று காதால் சமைத்தவளை அது கண்ணால் சமைக்கவைத்தது. அதை அவள் மன்னிக்கவே இல்லை.

மூன்றாம் பக்கத்தில், கீழிருந்து நாலாவது வரியில் இருந்த ஒரு சாமான்தான் அவளை அந்த வீட்டில் உட்காரவைத்தது. ஸ்பெட்ஸ்லே பிழிகிற அச்சு. ஸ்பெட்ஸ்லே ஸ்வேபியர்களின் தினசரிச் சாப்பாடு. மைதாவும் முட்டையும் கலந்த மாவை இந்த அச்சில் போட்டு, நீண்ட இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்திக் கொதிநீரில் பிழிவார்கள். மனைவி அதை எடுத்து, அடியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, ‘தேன்குழல் அச்சை இந்தம்மாவுக்கு யாருங்க குடுத்தது?’ என்றாள். அன்று சாயங்காலமே அரிசிமாவு பிழியப்பட்டது. எண்ணெய் வாசனை மேலே போக, மணி அடித்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். தன் அச்சிலிருந்து எண்ணெயில் விழுந்து சுருளும் முறுக்கைக் கொஞ்ச நேரம் கவனித்தார். ஒன்றை வாங்கிக் கடித்தார். மாவில் முட்டை போதவில்லை என்றார். நாலு முறுக்கைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போனார்.

வாசல் மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. மணிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். படிவங்களெல்லாம் குடும்பப் பெயர் கேட்டதால், என் இனிஷியலுக்குள் அடங்கிக் கிடந்த அப்பாவின் பெயர் விரிந்து மணியில் ஏறியது. தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டிப் பெரிதாகப் போகாதவர். வங்கியிலிருந்தும் மின்சாரக் கம்பெனியிலிருந்தும் வந்த கடிதங்கள் எல்லாம் அவருக்கே வந்தன.

இதெல்லாம் அந்தக் காலம். இப்போது அக்கா மகள் பெர்லினில் இருக்கிறாள். என்னைக் கூப்பிட 20,000 என்று எண்ணிக் கொடுத்த தேசம், இந்தியாவிலிருந்து மட்டுமே வருஷத்துக்கு 90,000 திறன் தொழிலாளர் விசா தரலாம் என்று 2024இல் அறிவித்தது. பட்டியல் போட்டு எண்ணுவதில் அவர்கள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியிருக்கிறது.

அவளுடைய வீடும் சாமான்களோடுதான். கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே வீடியோவில் பார்த்து, போனில் விரலால் கையெழுத்துப் போட்டு, வந்திறங்கிய ராத்திரி கதவில் ஆறு இலக்கம் அழுத்தி உள்ளே போய்விட்டாள். சாவி இல்லை, வீட்டுக்காரம்மா இல்லை. நான் பார்க்கப் போனபோது சாம்பல் நிற சோபா, சாம்பல் நிறத் திரை, சுவரில் நியூயார்க் பாலம். பெர்லினில் எதற்கு நியூயார்க் பாலம் என்று கேட்டேன்.

‘எல்லா ஃப்ளாட்லயும் அதேதான் மாமா’ என்றாள்.

தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு, கத்தி ஒன்று. முட்டைக் கிண்ணம் இல்லை. எதையும் உடைக்கப் பயப்பட வேண்டாம், எல்லாம் ஐகியாவில் கிடைக்கும். வாடகையிலேயே கரண்ட், இன்டர்நெட், தண்ணீர் எல்லாம் அடக்கம். வாடகையைச் சொன்னாள். நான் சோபாவில் உட்கார்ந்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. பெர்லினில் 2015இல் வாடகைக்கு உச்சவரம்பு போட்டார்கள், புதிதாகக் குடிவருகிறவரிடம் வட்டார வாடகையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று. ஆனால் தற்காலிகமாக விடும் வீட்டுக்கு அந்த வரம்பு இல்லை. சோபாவுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு கூடுதலாக வாங்குகிறோம் என்று பிரித்துக் காட்டவும் தேவையில்லை. கட்டிலைப் போட்டவுடன் சட்டம் கண்ணயர்ந்துவிடுகிறது. எனவே ஊரெங்கும் சாம்பல் நிற சோபாக்கள். சில விளம்பரங்களில் முகவரிப் பதிவு கிடையாது என்று வேறு போட்டிருக்கும். ஜெர்மனியில் குடிவந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கடிதம் தர வேண்டும். பதியாவிட்டால் வரி எண் தபாலில் வராது, மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாக நிற்கும். இவள் விவரமாக அதைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள். ரேடியோ, டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ மட்டும், டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்ட வேண்டும் என்ற கடிதமாக, தவறாமல் தேடி வந்துவிட்டது.

‘பக்கத்து வீட்டுல யாரு?’ என்றேன்.

‘தெரியல மாமா. மாசத்துக்கு ஒருத்தர் மாறுறாங்க.’

‘மாடிப்படி யார் துடைக்கிறது?’

அவள் என்னைக் கவலையோடு பார்த்தாள்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பார்சல் தானியங்கிப் பெட்டிக்கு வருகிறது, மாவு தமிழ்க் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது, ஜன்னலைத் திறக்கச் சொல்லி ஈரத்தை அளக்கும் ஒரு குட்டிக் கருவி போனில் சத்தம் போடுகிறது. என்னைவிட நூறு மடங்கு சுகமாகத்தான் குடியேறியிருக்கிறாள். ஆனால் யாருடைய வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. வீட்டை வாடகைக்கு விடும் கம்பெனியாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது எங்கள் வீடு ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய எஸ்லிங்கனில், மலைச்சரிவில். கீழ்த்தளத்தில் தனி வாசலோடு ஓர் அறையும் சின்னச் சமையலறையும் உண்டு. பிள்ளைகள் படிக்கப் போன பிறகு அதைச் சாமான்களோடு வாடகைக்கு விட்டோம். லைப்சிக்கிலிருந்து வந்திருக்கும் ஒரு பையன், இஞ்சினியரிங் மாணவன். கையெழுத்துப் போடும் நாளில் நான் மூன்று பக்கப் பட்டியலை நீட்டினேன். எவர்சில்வர் டம்ளர் எட்டு, டவரா எட்டு, விசில் குக்கர் ஒன்று. மூலையிலிருந்த கிரைண்டருக்கு எதிரே, உபயோகத்துக்கு அல்ல. அது மாமியார் கடலில் அனுப்பிவைத்தது. மனைவி அதைக் கீழே வைத்திருக்கிறாளே தவிர யாருக்கும் கொடுக்கவில்லை. பையன் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தான்.

நல்ல பையன். ஒரே ஒரு குறை. ஜனவரிக் குளிரில் ஜன்னலைச் சாய்த்துவைத்துவிட்டு நாள் முழுக்கக் காலேஜுக்குப் போய்விடுகிறான், ஹீட்டர் ஐந்தில் எரிகிறது. போன வாரம் நான் கீழே இறங்கி மணி அடித்தேன். வால்வை மூடு, விரியத் திற, பத்து நிமிஷம், சாத்து என்று அவனுடைய பாஷையில் அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

‘என் பாட்டியும் இதையேதான் சொல்வார்’ என்றான்.

கேட்பாயா என்றேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. இந்த வாரம் படி துடைப்பது அவன் முறை.