வீட்டுப் பள்ளியில் யாருக்குப் பரீட்சை?

நம் ஊரில் கான்வென்ட்டில் ஒரு சீட்டுக்காகப் பெற்றோர் படும் பாடு தெரிந்ததே. விபூதி பூசிய நெற்றியோடு பிள்ளை காலை வணக்கத்தில் இயேசு கற்பித்த செபத்தை ஒப்பிக்கும். வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இராது, சீட்டு கிடைத்ததே பெரிது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு கூட்டம் உண்டு. பழுத்த கத்தோலிக்கக் குடும்பங்கள், ஐந்தாறு பிள்ளைகள். அரசுப் பள்ளியும் வேண்டாம், பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளியும் வேண்டாம் என்று அத்தனை பேரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துத் தாங்களே பாடம் நடத்துகிறார்கள். இத்தனைக்கும் 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் பங்குக்கொரு பள்ளி கட்டியே தீர வேண்டும் என்று ஆணையிட்ட நாடு அது. 1960களின் தொடக்கத்தில் அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இன்று 17 லட்சம் அளவுதான். கைச்செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு பாடம் நடத்திய கன்னியர்கள் குறைந்தார்கள், முழுச் சம்பள ஆசிரியர்கள் வந்தார்கள், கட்டணம் ஏறியது. ஆறு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வீட்டை விற்க வேண்டும். பக்தியும் பட்ஜெட்டும் கைகோத்த இடத்தில் பிறந்தது வீட்டுப் பள்ளி. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொல்லி வைத்திருந்ததும் கைகொடுத்தது. இப்போது வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயல் என்ற சிற்றூரில் இருக்கும் சீட்டன் நிறுவனம் போன்றவை பாடப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கே அனுப்புகின்றன.

பிள்ளைகளை உலகத்தின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள் என்று இவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். என் கணக்கு வேறு. வீட்டுப் பள்ளியில் ஒளிய இடமில்லாமல் போவது பெற்றோருக்குத்தான். பள்ளிக்குப் போகும் பதினைந்து வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்ப்பது காலையில் அரை மணி, இரவில் இரண்டு மணி. அந்த நேரத்துக்கு மட்டும் புனிதராக இருக்க யாராலும் முடியும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை என்றால் இயேசுவை வளர்த்த சூசையப்பரே கொஞ்சம் யோசிப்பார். பத்து மணிக்குப் பொய் சொல்லலாகாது என்ற எட்டாம் கட்டளை பற்றிப் பாடம். பத்தே காலுக்கு ஃபோன் வருகிறது. “கிளம்பிட்டேன், வழியிலதான் இருக்கேன்” என்கிறாள் அம்மா, இன்னும் நைட்டியில் நின்றபடி. பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. பொறுமை தூய ஆவியின் கனிகளில் ஒன்று என்று காலையில் மனப்பாடம் செய்வித்த அதே வாய், பின்னக் கணக்கில் பகுதியும் தொகுதியும் இடம் மாறியதும் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது. சிறுபிள்ளைகள் இதையெல்லாம் கவனித்தாலும் மன்னித்துவிடுவார்கள். பதின்ம வயது அப்படியல்ல. முரண்பாட்டை மோப்பம் பிடிக்கும் மூக்கும், அதை விருந்தினர் முன்னால் சொல்லும் வாயும் அந்த வயதில்தான் சேர்ந்து முளைக்கின்றன.

இது வெறும் கிண்டல் அல்ல, ஆராய்ச்சிக்காரர்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். அமெரிக்க இளைஞர்களின் சமய வாழ்வை நெடுங்காலம் ஆராய்ந்த சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித், எமி ஆடம்சிக்கோடு சேர்ந்து 2021-இல் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளையின் நம்பிக்கையைத் தீர்மானிப்பதில் பங்குத்தந்தையோ மறைக்கல்வி வகுப்போ இளையோர் முகாமோ பெற்றோருக்குப் பக்கத்தில்கூட வர முடியாது என்பது அதன் சாரம். அதிலும் காரியம் செய்வது உபதேசம் அல்ல. சாதாரண நாட்களில், வேறு வேலைக்கு நடுவே, கடவுளைப் பற்றிச் சகஜமாகப் பேசும் பேச்சு. வெர்ன் பெங்ட்சன் என்பவர் தென் கலிஃபோர்னியக் குடும்பங்களை 35 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து 2013-இல் எழுதியது இன்னும் சங்கடமானது: பெற்றோரின் பக்தி மட்டும் போதாது, நெருக்கம் வேண்டும், குறிப்பாக அப்பாவின் நெருக்கம். பல வீட்டுப் பள்ளிகளில் அப்பா என்பவர் தலைமையாசிரியர். பாடம் எடுக்க மாட்டார். சாயங்காலம் வந்து நாள் முழுதும் சேர்ந்த புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். அந்தப் பதவியில் இருந்துகொண்டு நெருக்கமாக இருப்பது லேசில்லை. ஏற்கெனவே பக்தியுள்ள குடும்பங்கள்தானே இதில் இறங்குகின்றன, அவர்கள் பிள்ளைகள் கோயிலுக்குப் போனால் அது வீட்டுப் பள்ளியின் பெருமையா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். புத்தகப் பெட்டி வராவிட்டாலும் அந்த வீடு அதே வீடாகத்தான் இருந்திருக்கும். பெட்டி வந்ததால் கூடியது, பெற்றோர் பிள்ளைகளின் பார்வையில் இருக்கும் மணி நேரம்.

மதில் கட்டினால் பிள்ளை தப்பும் என்பவர்களுக்குத் திருச்சபையின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. பின்னாளில் புனிதரான அகுஸ்தீனார் சிறுவயதில் பேரிக்காய் திருடியது மதௌரா என்ற வெளியூரில் பள்ளியில் இருந்தபோது அல்ல. மேற்படிப்புக்கு அப்பாவிடம் பணம் சேரவில்லை என்று பதினாறு வயதில் ஊர் திரும்பி வீட்டோடு இருந்த வருடத்தில். தாமஸ் அக்குவினாசின் கதை இன்னும் மோசம். அவர் பெரிய மடமொன்றில் தலைவராவார் என்று எதிர்பார்த்த குடும்பம், பிச்சையெடுத்து வாழும் டொமினிக்கன் சபையில் அவர் சேர்ந்ததும், 1244-இல் வழிமறித்துத் தூக்கி வந்து ஏறக்குறைய ஒரு வருடம் வீட்டில் அடைத்தது. உள்ளே அவர் வேதாகமத்தை மனப்பாடம் செய்தார், சகோதரிக்கும் சொல்லிக்கொடுத்தார், அவளும் துறவியாகிவிட்டாள். மனம் மாற்றப் போனவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாக நஷ்டம். உலகின் மிகச் சிறந்த வீடான இயேசுவின் வீட்டில்கூடப் பன்னிரண்டு வயதுப் பையன் காணாமல் போனான். ஒரு நாள் பயணம் கழிந்த பிறகே பெற்றோருக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் கோயிலில் கண்டுபிடித்து அம்மா ஆற்றாமையோடு கேட்டால், ஏன் தேடினீர்கள் என்று எதிர்க்கேள்வி. பதின்ம வயதை நெருங்கும் பிள்ளையின் பதில் எப்படி இருக்கும் என்பதை நற்செய்தியாளர் லூக்கா மழுப்பாமல் எழுதி வைத்திருக்கிறார்.

காப்பது மதில் அல்ல, பெற்றோர்தான். அப்படியானால் நல்ல பெற்றோரின் பிள்ளைகள் வழிதவறுவதே இல்லையா என்றால், தவறுகிறார்கள், தாராளமாக. பிரான்சின் மார்ட்டின் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள்; 2015-இல் கணவன் மனைவி இருவரையும் திருச்சபை சேர்த்தே புனிதராக்கியது. அவர்கள் மகள் குழந்தை தெரேசாள் படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம் பக்கம் குறைவு. அதே வீட்டில், அதே செபமாலை சொல்லி வளர்ந்தவள்தான் லெயோனி. பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள், தாயைக் கலங்க அடித்தவள், மடத்தில் சேர்வதும் திரும்புவதுமாக இருந்து 1899-இல்தான் ஒருவழியாக நிலைத்தவள். ஒரே வாத்தியார், ஒரே பாடம், ஒரு மாணவி உலகப் புகழ், இன்னொருத்தி அரியர் மேல் அரியர். கடைசியில் அவளுக்கும் புனிதர் பட்டத்துக்கான விசாரணை 2015-இல் தொடங்கியிருக்கிறது. கார்லோ அக்குத்திசின் கதை எதிர்த்திசையில் போகிறது. 2006-இல் பதினைந்து வயதில் இறந்து, 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட இந்த மிலான் பையன் வெளியே பள்ளிக்குப் போனவன். வீடியோ கேமுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே வரம்பு போட்டவன் (வேறு எந்த வீட்டிலும் இது நடந்ததாக நம்ப வேண்டாம்). அவன் பிறக்கும்வரை அவன் அம்மா பூசைக்குப் போனது மூன்று தடவை என்று அவரே சொல்லியிருக்கிறார்: புதுநன்மைக்கு, உறுதிபூசுதலுக்கு, கல்யாணத்துக்கு. மகன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல்தான் இறையியல் படிக்கப் போனார்.

அந்த அம்மாவிடம் பாடத்திட்டம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு படிக்கப் போகும் மனம் இருந்தது. வீட்டுப் பள்ளித் தாய்மாருக்கு இதுதான் மகா கஷ்டம், ஏனென்றால் விடைப் புத்தகம் அவர்கள் கையில் இருக்கிறது. கடவுள் இருந்தால் தாத்தாவுக்கு ஏன் கேன்சர் என்று பதினாறு வயது கேட்கும்போது விடைப் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்பவர் தோற்றார். அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கம்மாளும் இப்படி ஒரு விடையைத் தேடித்தான் ஓர் ஆயரிடம் போனார்: மகன் மானிக்கேய மதத்தில் விழுந்துவிட்டான், கூப்பிட்டு வாதாடித் திருத்துங்கள். ஆயர் மறுத்தார். என்னையும் சிறுவயதில் தாய் அதே மதத்தில்தான் விட்டிருந்தாள், யாரும் வாதாடவில்லை, அவர்கள் புத்தகங்களைப் படித்துத் தானே வெளியே வந்தேன். உன் மகனை விட்டுவிடு, அவனுக்காகச் செபம் மட்டும் பண்ணு என்றார். மோனிக்கம்மாள் விடவில்லை, அழுதுகொண்டே நின்றார். சலித்துப்போன ஆயர், போய் வா அம்மா, இவ்வளவு கண்ணீர் விடும் தாயின் மகன் கெட்டுப்போக மாட்டான் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்தப் பதிலில் கண்ணீரைப் பற்றிய பாதி பதினாறு நூற்றாண்டாகப் பிரசங்கங்களில் ஒலிக்கிறது. ‘விட்டுவிடு, போய் வா’ என்ற பாதியை எந்தத் தாயும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.