கழட்டறதுக்கும் காசா கண்ணு?

ஏங்கண்ணு, சைக்கிள்ல முன்னால இருக்குற ரெண்டு பல்சக்கரத்துல ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிட்டியாமா? கழட்டிக் குடுக்கறதுக்கும் கடையில காசு கேக்கறாங்களாமா? நல்ல காலம்டா சாமி. ஒத்தப் பல்சக்கரத்துல பால்கேனைக் கட்டிக்கிட்டு எங்க ஊரே ஓட்டுச்சு. ஒருத்தனும் அதுக்குப் பேரு வெக்கல. இப்ப 'ஒன் பை'ன்னு சொன்னா வெலை ஏறிக்குது.

டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்ச டெகிராஞ்சுன்னு ஒரு மனுசன். செயினைப் பல்லு மாத்தி விடற டீரெய்லர் மாட்டினவனைப் பந்தயத்துக்குள்ளயே விடல. மலையடிவாரம் வந்தா எறங்கோணும், பின்சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டோணும், மறுபக்கத்துப் பெரிய பல்லுல ஏறோணும். 1937-லதான் டீரெய்லருக்கு வழி விட்டாங்க. அந்தப் பந்தயக்காரனுங்க முட்டி தேஞ்சு வாங்குன வசதியை நீ காசு குடுத்துக் கழட்டுற.

வேண்டாங்கல. பல்லை எண்ணிப் பாத்தியா? உன் வண்டியில முன்னால 50, 34. பின்னால கேசட்டுல 11-லருந்து 28. கொல்லிமலை ஏறறப்ப 34-ல இருந்து 28-க்குச் செயினை விட்டா, பெடல் ஒரு சுத்துக்குப் பின்சக்கரம் ஒண்ணேகாலுக்கு ஒரு பொட்டு கம்மியாச் சுத்தும். ரெண்டையும் தூக்கிப்போட்டு 42 ஒண்ணை மாட்டினா? ஒண்ணரைச் சுத்து. அந்தக் கூடுதலை யாரு சுமப்பா, கடைக்காரனா? கொல்லிமலையில கொண்டையூசி வளைவு 70 இருக்குது. பத்தாவதுலயே அவனை வைய ஆரம்பிச்சிருவ.

சரி, பின்னால 34 போட்டுக்கறேங்கிற. போடு. குட்டை டீரெய்லர்னா அந்தப் பெரிய பல்லுக்கு எட்டாது, நீட்டமானது வாங்கோணும். செயின் தேஞ்சிருந்தா அதுவும் புதுசு. ரெண்டு தகடு இருந்த எடத்துல ஒண்ணுதானே, போல்ட்டும் குட்டையா வேணும். ஒண்ணைக் கழட்டப் போயி எத்தனை வாங்கியாச்சு? எடை கொறையுமாமா! முன்னால எறக்குனதுல பாதியப் பெரிய கேசட் பின்னால ஏத்திரும். மிச்சம் கால் கிலோகூடத் தேறாது. காலையில போண்டாவைக் கொறைச்சாலே ஆச்சு.

இன்னொண்ணு. ஆடி மாசம் பாலக்காட்டுக் காத்து எதுத்து அடிக்கும் பாரு, அப்ப 13 பல்லு கனமா இருக்கும், 15 லேசா இருக்கும். 14 எங்கன்னு தேடுவ. உன் பழைய கேசட்டுல இருந்துச்சு. 34 வரைக்கும் போற 11 கியர் கேசட்டுல எடம் இல்லாம அதைத் தூக்கிட்டாங்க.

அந்த ஒத்தப் பல்சக்கரத்துல எனக்குப் புடிச்ச வேலைப்பாடு ஒண்ணு இருக்குது, மறைக்க மாட்டேன். செயினை உத்துப் பாரு. ஒரு கண்ணி அகலம், அடுத்தது குறுகல். பல்லும் அதே மாதிரி தடிச்சது ஒண்ணு, மெலிஞ்சது ஒண்ணு. முன்னால டீரெய்லர் இல்லாமயே செயினைக் கவ்விக்கும். அதனால பல்லுக் கணக்கு எப்பவும் ரெட்டைப்படை. 41 பல்லு குடுங்கன்னு கேட்டுப்போடாத, சிரிப்பாங்க.

அத்தனை கவ்வியும் கழண்டுச்சே! 2023-ல ஜிரோங்கற இத்தாலி சைக்கிள் பந்தயத்துல மோந்தே லுசாரி மலையேத்தம். ரோக்லிச்சுன்னு ஒரு பந்தயக்காரனுக்கு ஒத்தப் பல்சக்கரம். நடு ஏத்தத்துல செயின் கழண்டுக்கிச்சு. எறங்கி, கையால மாட்டி, வேடிக்கை பாத்தவன் ஒருத்தன் தள்ளிவிட, மறுபடி மிதிச்சான். அன்னிக்கும் அவன்தான் மொதல், ஜிரோவும் அவனுக்குத்தான். கவனி, அடிவாரம் வரைக்கும் அவன் வந்தது வேற வண்டியில. அந்த ஒரு ஏத்தத்துக்குத்தான் இந்த வண்டிக்கு மாறுனான். உனக்கு அடிவாரத்துல யாரு வண்டி புடிச்சுக்கிட்டு நிக்கப்போறா?

ஊருக்குள்ள, மண்தடத்துல ஓட்டறவனுக்கு ஒத்தப் பல்லு சொகந்தான். இடதுகைக்குக் கியர் வேலையே இல்ல. வேலையில்லாம கெடக்குதேன்னு அந்தக் கைப்பிடியையும் கழட்டி எடையைக் கொறைக்கப் பாக்காத கண்ணு, பிரேக்கு அதுலதான் இருக்குது.