அந்த ஒரு சதவீதம்

ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்பு வெளியாகிவிட்டது என்று செய்தி வருவதற்கும் அது நம் கையில் இருக்கிற போனுக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் கிடக்கிற காலத்தில், ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்து, ஜாதகம் பொருத்தி, நிச்சயம் முடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிடலாம். ஆண்ட்ராய்டு 16 வெளியானது 2025 ஜூன் 10-ஆம் தேதி. கூகுளின் பிக்ஸல் போன் வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கே பந்தி போட்டாகிவிட்டது. மற்ற கம்பெனிப் போன்காரர்கள் நாங்கள் வாசலில் நின்று, உள்ளே யார் யார் கை கழுவுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கூகுள் மூலச் சரக்கை வெளியிடும். குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் செய்கிறவர்கள் அது தங்கள் சிப்பில் ஓடுவதற்கு வேண்டியதைச் செய்து தருவார்கள். அப்புறம் போன் கம்பெனி அதற்குத் தன் வண்ணத்தைப் பூசி, யாரும் கேட்காத நாலு ஆப்களைச் சொருகி, சோதித்துப் பார்த்து, மாடல் மாடலாக அவிழ்த்துவிடும். இந்த இழுபறியைக் குறைக்கத்தான் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-ஓடு 'டிரெபிள்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சிப்போடு பேசுகிற பகுதி தனி, மேலே ஓடுகிற ஆண்ட்ராய்டு தனி என்று பாகப்பிரிவினை செய்தார்கள். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் வராது, இப்போது தாமதமாக வருகிறது.

ஐபோன்காரர்களுக்கு இந்தப் பாடு கிடையாது. முகூர்த்தமே குறித்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. 2025 செப்டம்பர் 15 அன்று அப்படித்தான் ஐஓஎஸ் 26 வந்தது. அதற்கு முந்தியது 18. நடுவில் உள்ள எண்களை யார் கொண்டுபோனார்கள் என்று கேட்காதீர்கள், ஆண்டுக்கணக்குக்குத் தாவிவிட்டார்கள். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் மறுநாள் வந்து பொத்தானெல்லாம் கண்ணாடியாகப் பளபளப்பதைக் காட்டினார். "எழுத்தே சரியாத் தெரியலையே சார்?" என்றேன். "அதான் சார் டிசைன்" என்றார்.

ஆண்ட்ராய்டு மீது எனக்குப் பழைய வருத்தம் ஒன்றும் உண்டு. 2009-இல் கப்கேக், டோனட், எக்ளேர் என்று ஆங்கில அகரவரிசைப்படி பதிப்புக்கு ஒரு தின்பண்டத்தின் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். 'ஜே' எழுத்துக்கு ஜாங்கிரி, 'கே'வுக்குக் கேசரி, 'எல்'லுக்கு லட்டு, 'எம்'முக்கு மைசூர்பாகு என்று நம் ஆட்கள் வரிசையாகத் தயாராக நின்றார்கள். வைத்ததோ ஜெல்லி பீன், கிட்கேட், லாலிபாப், மார்ஷ்மெல்லோ. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015-இல் கூகுளின் தலைமைக்கு வந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த டிசம்பரில் டில்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில், நம் ஊர்ப் பலகாரத்தின் பெயரை ஏன் வைப்பதில்லை என்று அவரிடமே கேட்டார்கள். அம்மாவிடம் யோசனை கேட்கிறேன், ஆன்லைனில் ஓட்டெடுப்புகூட நடத்தலாம் என்றார். அடுத்த எழுத்து 'என்'. கேரளச் சுற்றுலாத் துறை நெய்யப்பத்துக்காகப் பிரசாரத்தில் இறங்கியது. 2016 ஜூன் கடைசியில் பெயர் வந்தது: நூகாட். அந்தப் பண்டத்தை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. 'பி' வந்தபோது பாயசம், பொங்கல், பாதுஷா, பால்கோவா அத்தனையும் இருக்க, வெறும் 'பை' என்று வைத்து முடித்துக்கொண்டார்கள். 2019-இல் பெயர் வைப்பதையே நிறுத்தி எண்ணுக்கு வந்துவிட்டார்கள். 'பை' என்றால் இனிப்பு என்பது உலகத்தில் எல்லோருக்கும் விளங்கவில்லையாம். பாயசம் என்றிருந்தால் குறைந்தபட்சம் நம் ஊரிலாவது விளங்கியிருக்கும்.

அது போகட்டும். அந்தக் காலத்தில் அப்டேட்டுக்கு ஏங்குவதில் ஓர் அர்த்தம் இருந்தது. ஆண்ட்ராய்டு 2.3 ஓடிய என் முதல் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஊரிலிருந்து யாராவது தமிழில் செய்தி அனுப்பினால், கட்டங்களின் நீளத்தைப் பார்த்து நல்ல சேதியா கெட்ட சேதியா என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பதிப்பில் எழுத்து வந்துவிடும் என்றார்கள். எழுத்து வந்தது, என் போனுக்கு வரவில்லை. வேறு போன் வாங்கித்தான் தமிழ் படித்தேன். இப்போது எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்வதற்கு அவ்வளவு கனமான காரணம் கைவசம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்துவிட்டது என்பது ஒரு காரணம்தானே?

காலையில் காபி வருவதற்குள் செட்டிங்ஸுக்குப் போவேன். அடிமட்டம் வரை தள்ளி, 'சிஸ்டம் அப்டேட்' என்பதைத் தொடுவேன். ஒரு வட்டம் சுற்றும். நெஞ்சு லேசாக அடித்துக்கொள்ளும். 'உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று வரும். அதற்குக் கீழேயே பாதுகாப்பு பேட்ச், ஆகஸ்ட் மாதம் என்று போட்டிருக்கும். வெளியே கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருக்கும். "இந்த அக்கறையோட கேஸ் புக் பண்ணியிருந்தா ராத்திரி இண்டக்‌ஷன் அடுப்புல சாதம் வெச்சிருக்க வேண்டாம்" என்பார் மனைவி.

இப்படி அமுக்கிக்கொண்டே இருப்பதால் பயன் இல்லை என்று ஆண்ட்ராய்டுப் பொறியாளர் ஒருவரே 2013-இல் விளக்கியிருக்கிறார். அப்டேட்டை முதலில் நூற்றில் ஒரு போனுக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். ஓரிரு நாள் வைத்துப் பார்த்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் 25, 50, 100 சதவீதம் என்று கூட்டுவார்கள். ஒரு சுற்றில் உங்கள் போனைத் திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த சுற்று வரை அவ்வளவுதான். எத்தனை தடவை அமுக்கினாலும் அத்தனை தடவையும் திருப்பி அனுப்புவார்கள். யாருக்கு அந்த முதல் ஒரு சதவீதம் அமையும் என்பது முழுக்க முழுக்கக் குருட்டு அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டில் அது என் மாமியாருக்கு அமைந்தது.

அத்தையின் போனும் என் போனும் ஒரே மாடல். ஒரே ஆடித் தள்ளுபடியில், ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்கியவை. உறையின் நிறம்தான் வேறு. அத்தை அதில் மூன்று காரியம் செய்வார்: புதுக்கோட்டையில் இருக்கும் தங்கையிடம் சாயங்காலம் பேசுவார், யூடியூபில் கோயில் அபிஷேகம் பார்ப்பார், வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கம் அனுப்புவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாப்பிள்ளை, இதுல என்னமோ விளம்பரம் ரெண்டு நாளா வந்து வந்து நிக்குது. நானும் தள்ளித் தள்ளி விடுறேன், போக மாட்டேங்குது" என்று நீட்டினார்.

ஆண்ட்ராய்டு 16. அளவு 3 ஜிபிக்கு மேல். 'இப்போதே நிறுவு', 'பிறகு.'

என் கையில் இருந்த ரசம் சாதம் அப்படியே நின்றுவிட்டது. "அத்தை, இது விளம்பரம் இல்ல, அப்டேட்!"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? உங்களுக்குத்தான் ஆசையா இருக்கே, நீங்களே எடுத்துக்கங்க."

"அப்படி மாத்திக்க முடியாது அத்தை."

"ஏன், ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுதானே?"

இதற்கு அந்தக் கம்பெனியிடம்கூடப் பதில் இருக்காது. அவரைச் சம்மதிக்க வைக்க ஸ்டேஜ்ஃபிரைட் கதையை எடுத்தேன். 2015-இல் ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த ஓட்டை அது. உள்குத்து வைத்த ஒரு வீடியோவை எம்எம்எஸ்ஸில் அனுப்பினாலே போதும், அதை நாம் திறந்து பார்க்காவிட்டாலும் போனுக்குள் ஆள் புகுந்துவிடலாம். கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு பேட்ச் விட ஆரம்பித்ததே அந்த அமளிக்குப் பிறகுதான். "தொறக்காமலேயா?" என்று அத்தை ஒரு கணம் பயந்தார். பென்ஷன் வருகிற குறுஞ்செய்தியும் அந்தப் போனுக்குத்தான் வருகிறது. சரி, போடுங்கள் என்றார்.

போட்டால், இடம் இல்லை என்றது போன். இன்னும் 5 ஜிபி காலி செய்ய வேண்டுமாம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அத்தையின் போனில் இருந்தது முக்கால்வாசியும் காலை வணக்கம்தான். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி டம்ளர், சூரிய உதயம், அதன்மேல் ஒரு பொன்மொழி. ஆயிரக்கணக்கில். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்காக அமுக்கப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல முருகன் இருக்காரு மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி படத்தையா அழிப்பாங்க?"

ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று. சாமி படம் எல்லாம் இருக்கட்டும். பேரன் ஆண்டுவிழாவில் ஆடியது இருக்கட்டும். அதையே வேறு கோணத்தில், முன்னால் நின்றவரின் தலையோடு எடுத்ததும் இருக்கட்டும். ரோஜாப்பூ மட்டும் போகலாமா? அதற்கும், யார் அனுப்பிய ரோஜாப்பூ என்று பார்த்துச் சொன்னார். சொந்தக்காரர் ஒருவர் அனுப்பியவை முதலில் போயின. வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நம்மைச் சரியாகக் கூப்பிடவில்லையாம். அவர் அனுப்பியது மட்டும் அரை ஜிபி தேறியது. குடும்பச் சண்டைகள் இன்னும் ரெண்டு இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கடைசியில் மூட்டுவலி வைத்திய வீடியோக்களைக் கைவிட்டார். "அதுல சொன்னதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் கேக்கல."

இடம் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிற ரீசார்ஜில் 3 ஜிபியை இறக்க முடியாது, வைஃபை வேண்டும். வைஃபைக்குக் கரண்ட் வேண்டும். பாதிக்கு மேல் இறங்கியபோது மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இறங்கி முடிந்ததும், சார்ஜ் போதாது என்றது.

நிறுவுகிற வேலையில் இப்போது அவ்வளவு சுவாரசியம் இல்லை. 2014-இல் லாலிபாப் வந்த காலத்தில் போனை மாற்றி எழுதியதும், 'ஆப்களைச் செம்மைப்படுத்துகிறது: 132-இல் 1' என்று ஒரு திரை வரும். ஆர்ட் என்ற புது இயந்திரம் வந்திருந்தது. போனில் உள்ள எல்லா ஆப்களையும் அது முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும். 132-ம் முடிகிற வரை நாம் உட்கார்ந்து எண்ண வேண்டும். நமக்கே நினைவில்லாத ஆப்களெல்லாம் போனில் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியவரும். நூகாட் வந்தபோது அந்த முறையை மாற்றிவிட்டார்கள். சிஸ்டத்தை இரண்டு அறைகளில் வைக்கிற வழக்கமும் அதோடுதான் வந்தது: நாம் ஓர் அறையில் குடியிருக்கும்போதே அடுத்த அறையில் புதுப் பதிப்பைச் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு, ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் நம்மை இடம் மாற்றிவிடும். எழவில்லை என்றால் பழைய அறைக்கே திரும்பலாம். நல்ல ஏற்பாடு. ஆனாலும் அந்த ரீஸ்டார்ட்டின்போது திரை கறுத்து, கம்பெனிச் சின்னம் மட்டும் தெரிந்து, அது அசையாமல் நிற்கிறபோது, எந்த ஏற்பாடும் நினைவுக்கு வருவதில்லை. கேஸ் ஓடிபி, பாங்க், பேரனின் ஆண்டுவிழா என்று எல்லாம் அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது.

"என் தங்கச்சி கூப்பிடுற நேரமாச்சு" என்றார் அத்தை.

போன் எழுந்தது. கடிகாரம் பருத்திருந்தது. பொத்தான்களின் மூலை உருண்டிருந்தது. பின்னணி, எந்தப் புடவைக் கடையிலும் கிடைக்காத ஒரு வெளிறிய நீலத்துக்குப் போயிருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு ரசித்துக்கொண்டிருந்தபோது புதுக்கோட்டை அழைத்தது. அத்தை வழக்கமான இடத்தில் விரலை வைத்தார். அங்கே பச்சையைக் காணோம். மேலே தள்ளினார், கீழே தள்ளினார், அழைப்பு நின்றுவிட்டது.

2025 ஆகஸ்டில் நாடு முழுக்க இது ஒரு தடவை நடந்தது நினைவிருக்கலாம். கூகுளின் போன் ஆப் ஒரே ராத்திரியில் முகத்தை மாற்றிக்கொள்ள, காலையில் எழுந்தவர்களெல்லாம் யார் என் போனை நோண்டியது என்று வீட்டுப் பிள்ளைகளை விசாரித்தார்கள். அதற்கு யாரும் காத்திருக்கவில்லை, செட்டிங்ஸுக்குள் போய் ஒருவரும் அமுக்கவில்லை. கேட்காமலே ஒரே வீச்சில் வந்தது. இங்கே விசாரிக்க வேண்டியதுகூட இல்லை. நோண்டியவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளை, இதைப் பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க."

"ஆக்க முடியாது அத்தை. ஏறினது ஏறினதுதான். திரும்பணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் திரும்பணும்."

"முருகனையுமா?"

"முருகனையும்."

அத்தை போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்வளவு வாங்கினான்?"

"ஒண்ணும் வாங்கல அத்தை. இலவசம்."

"அதானே பாத்தேன்."