வித்தியாசம் தெரியுதா?

மானிட்டர் பைத்தியம் பிடித்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைப்பதற்குள் உங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். குடிக்கத் தண்ணீர் அப்புறம்தான் வரும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, மானிட்டரில் ஒரு பறக்கும் தட்டை இடமிருந்து வலமாக ஓடவிடுவார். "அண்ணா, இது 60 ஹெர்ட்ஸ். நல்லாப் பாத்துக்கோங்க." செட்டிங்ஸுக்குள் போய் எதையோ மாற்றுவார். திரை கறுத்து, மறுபடி வெளிச்சம் வரும். "இது 144. வித்தியாசம் தெரியுதா?"

கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பார்களே, அதே குரல். ஆனால் ஆஸ்பத்திரியில் "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். இவரிடம் சொல்லிப் பாருங்கள். "நீங்க திரையைப் பாக்குறீங்க. தட்டைப் பாருங்க. அது கூடவே கண்ணை ஓட்டுங்க. உள்ளே உக்காந்திருக்கானே, அவன் கண்ணு தெரியுதா?" மறுபடி 60. மறுபடி இருட்டு. மறுபடி 144.

கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பார்த்திருக்கிறார். இன்டர்நெட் கேபிளைச் சரிபார்க்க வந்த பையன் பார்த்திருக்கிறான். அவன் பாவம், "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டான், அதனால் 240-ஐயும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருமுறை அவருடைய பெரியம்மா தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். இடுப்புக்கு முட்டுக்கொடுத்த அந்தக் கேமிங் நாற்காலியில் பட்டுப்புடவையோடு, மடியில் வெற்றிலை பாக்கு, குங்குமச்சிமிழ், பத்திரிகை வைத்த தட்டு. எதிரே ஓடுகிற இன்னொரு தட்டு. "தெரியுதாம்மா?" "தெரியுதுடா கண்ணா, வீட்ல அவ இல்லையா?" அவர் மனைவி சமையலறையில்தான் இருந்தார். வெளியே வந்தால் இரண்டாவது நாற்காலி போடுவார் என்று பயம்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 60 படம் காட்டுகிற திரை, ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி செகண்டு அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதற்குள் நம் கண் தட்டின் பின்னால் நகர்ந்துவிடுவதால் படம் இழுபட்ட மாதிரி தெரிகிறது. 144-இல் அந்த நேரம் 6.9 ஆகிவிடும். கிட்டத்தட்ட 10 மில்லி செகண்டு லாபம். மவுஸை ஆட்டிப் பார்த்தாலே போதும், யாருக்கும் தெரியும். ஆனால் 144-லிருந்து 240-க்குப் போனால் லாபம் மூன்றுகூட இல்லை. 240-லிருந்து 360-க்கு ஒன்றரைகூடத் தேறாது. லாபம் இப்படிச் சுருங்கச் சுருங்க விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். சொல்லிவிட்டு 360-இன் விலையை மொபைலில் தேடினார்.

ஆட்டம்? ஆடுவார். வேலரண்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம்தான். ரவுண்டு ஆரம்பித்ததும் முதலில் சாவது பெரும்பாலும் இவராகத்தான் இருக்கும். ஒன்றைப் பார்த்து விரல் அசைய மனிதனுக்குச் சாதாரணமாகச் சுமார் 200 மில்லி செகண்டு ஆகும். இவருக்குக் கொஞ்சம் கூடவே ஆகும் என்பது என் கணிப்பு. அவர் அதைப் பேசமாட்டார். "கோஸ்டிங் அண்ணா. அவன் ஓடினான், நிழல்தான் தெரிஞ்சுது." உடனே மெனுவைத் திறந்து ஓவர்டிரைவைக் கூட்டுவார். திரவப் படிகங்களுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்துச் சீக்கிரம் திரும்ப வைக்கிற சங்கதி அது. அளவு மீறினால் பின்னால் வந்த கறுப்பு நிழல் போய் வெள்ளை நிழல் வரும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1 மில்லி செகண்டுக்குப் பெரும்பாலும் இதுதான் மர்மம். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை இடித்துப் புதிதாகவே கட்டிவிட்டார், ஆட்டம் அதே ஆட்டம்தான்.

அதற்கும் மேலே போனால் பழைய குண்டு மானிட்டர் புராணம். பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய காலத்துச் சிஆர்டிக்கு இன்றைக்கும் ஈடில்லையாம். 1995-இல் குவேக் ஆட்டத்தை எழுதிக்கொண்டிருந்த ஜான் கார்மாக்கின் மேஜையில் இருந்த 28 அங்குலச் சிஆர்டியின் போட்டோவை மொபைலில் வைத்திருக்கிறார். மனைவி போட்டோ இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

ரிச்சி தெருவில் இவர் தலை தெரிந்தாலே கடைப் பையன்கள் பில் புத்தகத்தில் முகம் புதைத்துக்கொள்கிறார்கள். பெட்டியைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக நிரப்பச் சொல்லி, 20,73,600 புள்ளிகளில் செத்த புள்ளி ஒன்று இருக்கிறதா என்று மூக்கு இடிக்கத் தேடுகிற ஆளைக் கண்டால் வேறென்ன செய்வார்கள்?

இந்த மனிதரை முழுசாகத் திட்டவும் மனம் வரவில்லை. என் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன சமயம், கம்ப்யூட்டரில் பேப்பர் படிக்கக் கண் கூசுகிறது என்றார். நான் டாக்டரிடம் போகலாம் என்றேன். இவர் வந்து, திரையைச் சற்றே திருப்பி ஜன்னல் வெளிச்சம் அடிக்காமல் செய்தார். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார், எழுத்தை 150 சதவீதம் ஆக்கினார். பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டார், "அப்பா, வித்தியாசம் தெரியுதா?" அப்பா கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "நல்லாத் தெரியுதுப்பா" என்றார். அந்தக் கேள்விக்கு இவர் வாங்கிய ஒரே உண்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

அதெல்லாம் சரி. என் மானிட்டர் எங்கே?

கணக்கு எழுத நான் வைத்திருந்த 22 அங்குலம். "பேக்லைட் துடிக்குது அண்ணா, கண்ணுக்குக் கேடு. ரெண்டு நாள் குடுங்க, பாத்துத் தர்றேன்" என்று கேபிளோடு தூக்கிப்போனார். போனது போனதுதான். இப்போது அது அவருடைய புது மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதைக் காட்டி, "இதை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி வேலை பாத்தார்னு நெனச்சுப் பாருங்க" என்கிறாராம். செட்டிங்ஸுக்குள் போய் மாற்றுகிற சிரமம் மிச்சம்.

தம்பி, இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். எனக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய 20-ஆம் தேதி கடைசி. அதற்குள் மானிட்டரைக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். பவர் கேபிளையும் மறக்க வேண்டாம்.